ஒரு வீடியோ கேமை அலசுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

ஒரு கேமை விளையாடி முடித்தவரிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். சிங்கப்பூரில் பாதிப் பேர் "ஷியோக்" என்பார்கள், மீதிப் பேர் "போரிங் லா" என்பார்கள். இரண்டுமே உண்மையான பதில்தான். ஆனால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு வடிவமைப்புப் பாடம் எடுத்திருப்பவரோ, 2008லிருந்து இங்கே இயங்கிவரும் டிஜிபென் போன்ற கல்லூரிக்கு விண்ணப்பம் தயாரிப்பவரோ அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள முடியாது. எந்த நொடியில் ஷியோக், அந்த நொடியில் கை என்ன செய்துகொண்டிருந்தது, அதை அப்படிச் செய்யவைக்க வடிவமைத்தவர் எந்த விதியை எங்கே வைத்தார் என்று பின்னோக்கி நடக்கவேண்டும். அந்த நடையைப் பழகுவதற்குத்தான் இந்தக் கட்டுரை. பாடம் எதுவும் எடுக்காமல், பிள்ளை ஏன் கைப்பேசியைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் பெற்றோருக்கும் இது உதவும்.

அலசல் வேறு, விமர்சனம் வேறு. விமர்சனம் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்கிறது. பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போடுகிறது. அலசலுக்கு மதிப்பெண்ணே தேவையில்லை. உங்களுக்குப் பிடிக்காத கேமிலிருந்துகூட அருமையான அலசல் வரும். புதியவர்களின் கட்டுரைகளில் நான் பார்க்கும் பெரிய குறை, முக்கால்வாசி இடத்தைக் கதைச்சுருக்கம் அடைத்துக்கொள்வது. நாயகன் யார், வில்லன் யார் என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். நீங்கள் எழுதவேண்டியது உங்கள் விரலுக்கும் திரைக்கும் நடுவே நடந்ததை.

படி 1: சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்

உங்களுக்கு மிகவும் பிடித்த கேமை முதலில் எடுக்காதீர்கள். பல மாதம் பழகியதில் எது புதிதாக உங்களைத் தொட்டது என்பதே மறந்திருக்கும். இதுவரை தொடாத, சின்ன கேம் ஒன்றை எடுங்கள். அதிலும் முதல் பத்து நிமிடம் போதும்.

எதை எடுப்பது என்று தெரியவில்லையா? கேட் குவெஸ்ட் நல்ல தேர்வு. ஜென்டில்புரோஸ் என்ற சிங்கப்பூர்க் குழு 2017இல் வெளியிட்டது. பூனை வாள் பிடித்துத் தன் சகோதரியைத் தேடிப்போகிறது. கைப்பேசியிலும் கிடைக்கிறது, கணினியிலும் கிடைக்கிறது. விதிகள் குறைவு, அதனால் எந்த விதி என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கீழே பல இடத்தில் இதைத்தான் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்.

படி 2: ஒருமுறை சும்மா, ஒருமுறை குறிப்போடு

முதல் முறை எதையும் எழுதாமல் விளையாடுங்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுபவருக்குக் கேம் தன் வேலையைக் காட்டாது. இரண்டாம் முறை திரையைப் பதிவுசெய்யுங்கள். ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அப்புறம் காணொளியை ஓடவிட்டு, நேரத்தோடு குறிப்பு எழுதுங்கள்.

குறிப்பில் "அழகு", "விறுவிறுப்பு" போன்ற சொற்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். செய்ததை எழுதுங்கள். இப்படி:

1:10 – எதிரி பக்கம் போகாமல் சுற்றி வந்தேன்.
1:25 – தரையில் சிவப்பு வட்டம். விலகினேன். தப்பித்தேன்.
1:40 – மந்திரம் போட்டேன், மறுபடி போட்டேன், மூன்றாவது வரவில்லை. "அட" என்றேன்.
1:44 – வேறு வழியில்லாமல் கிட்டே போய் வாளால் அடித்தேன்.

எங்கே முன்னால் சாய்ந்தீர்கள், எங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள், எங்கே வாட்ஸ்அப்பைத் திறக்கத் தோன்றியது. இவைதான் கச்சாப்பொருள். இன்னொன்று, ரயிலில் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து பாசிர் ரிஸ் வரை ஒலியை அணைத்துவிட்டு விளையாடுபவர்கள் நம்மில் அதிகம். அலசலுக்கு அது ஆகாது. ஒருமுறை காதொலிக்கருவியோடு, ஒருமுறை ஒலியில்லாமல் விளையாடிப் பாருங்கள். ஒலி போனதும் எதை இழந்தீர்களோ அது தனிக் குறிப்பு. அடி விழுந்ததா இல்லையா என்று பல கேம்களில் காதுதான் முதலில் சொல்கிறது.

படி 3: உணர்விலிருந்து விதிக்கு நடப்பது

முழு வேலையின் நடுநாடி இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ராபின் ஹனிக்கி, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் சூபெக் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது. எம்டிஏ (மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஏஸ்தெடிக்ஸ்) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன்படி ஒரு கேமை மூன்று அடுக்காகப் பார்க்கலாம். அடியில் விதிகள். ஆள் வந்து விளையாடும்போது அந்த விதிகளிலிருந்து எழும் நடப்பு, நடுவில். அந்த நடப்பால் ஆளுக்குள் உண்டாகும் உணர்வு, மேலே. வடிவமைப்பவர் அடியிலிருந்து மேலே போகிறார். அவரால் விதியை மட்டும்தான் நேரடியாகத் தொட முடியும். நமக்கோ உணர்வுதான் முதலில் வந்து சேர்கிறது. எனவே நாம் மேலிருந்து கீழே இறங்கவேண்டும்.

மேலே எழுதிய குறிப்பையே எடுத்துக்கொள்வோம். 1:40இல் "அட" என்றீர்கள். ஏன்? மந்திர சக்தி தீர்ந்துவிட்டது. கேட் குவெஸ்ட்டில் தீர்ந்த மந்திர சக்தி மீண்டும் நிறைய, எதிரியை வாளால் அடிக்கவேண்டும். விதி இந்த ஒரு வரிதான். அது என்ன நடப்பை உண்டாக்குகிறது என்று பாருங்கள். பயந்தவர் எல்லாக் கேமிலும் தூரத்தில் நின்று மந்திரம் போடுவார். இங்கே அது நீண்ட நேரம் முடியாது, கிட்டே போயாகவேண்டும். கிட்டே போனால் எதிரி ஓங்குவான், உருண்டு விலகவேண்டும், விலகியதும் நிறைந்த சக்தியில் மந்திரம், தீர்ந்ததும் மறுபடி கிட்டே. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. சண்டைக்கு ஒரு தாளம் வந்துவிடுகிறது. உங்களுக்கு வந்த "சுறுசுறுப்பா இருக்கு" என்ற உணர்வு அந்தத் தாளத்திலிருந்து வந்தது. பூனை அழகாக இருப்பதால் வந்ததில்லை (பூனை அழகுதான், அது வேறு விஷயம்).

சரி, இந்தக் கணிப்பு சரியா என்று எப்படிச் சோதிப்பது? விதியை மனத்துக்குள் எடுத்துவிட்டுப் பாருங்கள். சக்தி தானாகவே மெல்ல மெல்ல நிறையும் என்று வைத்துக்கொள்வோம். பயந்தவர் என்ன செய்வார்? வட்டமடித்து ஓடி, நிறையும்வரை காத்திருந்து, தூரத்திலிருந்தே சுட்டுவிடுவார். பாதுகாப்பான வழிதான், ஆனால் சலிப்பு தட்டும். இரண்டு நிலைக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை எழுதிவிட்டால், உங்கள் கட்டுரையின் மிகச் சிறந்த பத்தி அதுவாகத்தான் இருக்கும். விதியை எடுத்த பிறகும் உணர்வு மாறவில்லை என்றால், தவறான விதியைப் பிடித்திருக்கிறீர்கள், வேறொன்றைத் தேடுங்கள்.

வேறு கேமில் பழகிப் பார்க்க விரும்பினால் டெட்ரிஸ், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி வரிசையை நிரப்பும் கேம். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் உருவாக்கியது. 1989இல் நின்டெண்டோ வெளியிட்ட வடிவத்தில், தொடக்க நிலையில் ஒரு வரிசையை நிரப்பினால் 40 புள்ளி. நான்கு வரிசையை ஒரே அடியில் நிரப்பினால் 160 வரும் என்றுதானே நினைப்போம்? 1,200 வரும். இந்த ஒரு எண்தான் நம்மை ஓரத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நீளக்கட்டைக்காகக் காத்திருக்கவைக்கிறது. கட்டைகள் மேலே ஏறிக்கொண்டே வரும், நீளக்கட்டை வராது, வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆசைக்கும் பயத்துக்கும் இடையில் நம்மை நிறுத்தியது ஒரு புள்ளிப்பட்டியல்.

சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட கரீனாவின் ஃப்ரீ ஃபயரிலும் இதைப் பார்க்கலாம். ஐம்பது பேர் இறங்கி, கடைசி ஆள் மிஞ்சும்வரை மோதுகிறார்கள். வெளியே நிற்பவர் அடிபடும் பாதுகாப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அந்த விதி இல்லாவிட்டால் ஐம்பது பேரில் பாதிப்பேர் புதருக்குள் படுத்தே கிடப்பார்கள்.

எம்டிஏ கட்டுரை உணர்வுகளை எட்டாகப் பிரிக்கிறது: புலனின்பம், கற்பனை, கதை, சவால், தோழமை, கண்டுபிடிப்பு, தன்னை வெளிப்படுத்துவது, பொழுதைப் போக்கிச் சும்மா இருப்பது. மாணவர்கள் இந்தப் பட்டியலைக் கண்டதும் எட்டுக்கும் ஒரு பத்தி எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். உங்கள் கேமில் ஓங்கி நிற்கும் இரண்டை மட்டும் எடுங்கள்.

படி 4: கேம் உங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தது?

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தைத் தொடாமல் இந்தப் பேச்சை யாரும் தாண்டுவதில்லை. ஷிகெரு மியாமோட்டோவின் குழு செய்தது. நின்டெண்டோ சுவிட்ச் ஆன்லைன் சந்தாவில் இன்றும் கிடைக்கிறது, ஒருமுறை விளையாடிவிட்டு வந்து படியுங்கள்.

மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் பார்த்தபடி. அந்தப் பக்கம் வெறும் இடம். ஒரு சொல்கூட எழுதப்படவில்லை, ஆனாலும் எல்லோரும் வலப்பக்கமே நடக்கிறார்கள். முறைத்துக்கொண்டு கூம்பா என்ற சின்ன எதிரி எதிரே வருகிறது. மோதினால் சாவு, ஆனால் கேம் தொடங்கிச் சில நொடிதான் ஆகியிருக்கிறது, இழப்பு ஒன்றுமில்லை. மறுமுறை குதிக்கிறோம். கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வெளியே வருகிறது. அது வலப்பக்கம் உருண்டு, கீழே விழுந்து, குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. பயந்து குதித்தாலும் மேலே செங்கல் தலையில் இடித்துக் கீழே தள்ளிவிடும். பெரும்பாலும் காளான் நம்மைத் தொட்டுவிடும். தொட்டதும் மாரியோ பெரிதாகிறான். "காளான் நல்லது" என்ற பாடம் முடிந்தது.

நான் இதைவிட ரசிப்பது கட்டத்தின் பிற்பகுதியை. எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள், நடுவில் தரை. தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டியதும் அதே மாதிரி இரண்டு படிக்கட்டுகள். இம்முறை நடுவில் பள்ளம். ஒத்திகை முதலில், ஆபத்து பிறகு.

உங்கள் கேமில் இதைத் தேடுங்கள். புதிய திறன் ஒன்று எப்போது அறிமுகமாகிறது, முதல் முறை தவறினால் என்ன தண்டனை, இரண்டாம் முறை என்ன தண்டனை என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். எழுத்துப் பெட்டிகள் வரிசையாக வந்து "இதை அழுத்து, அதை அழுத்து" என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை நீங்கள் படிக்காமல் தட்டித் தள்ளினீர்களா என்பதையும் நேர்மையாக எழுதுங்கள்.

படி 5: சைகையும் பதிலும் மன்னிப்பும்

திரை உங்களிடம் ஏதாவது சொல்கிறதா, நீங்கள் செய்ததற்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் இடம் இது. பொருள்களின் வடிவமைப்பை ஆராய்ந்த டான் நார்மன் 1988இல் கதவு, அடுப்பு, குழாய் பற்றியெல்லாம் எழுதிய அதே கேள்விகள்தான்: இதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்ததுமே தெரிகிறதா, செய்ததும் நடந்துவிட்டது என்று தெரிகிறதா.

மன்னிப்பு என்பதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் நல்ல மன்னிப்பு வெளியே தெரியாது. 2018இல் வந்த செலஸ்ட்டை எல்லோரும் கடினமான கேம் என்பார்கள். ஆனால் பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போய்விட்ட பிறகும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பொத்தானை அழுத்தினால் அது குதிக்கவிடும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே அழுத்திவிட்டாலும், தொட்டதும் குதிக்கும். வடிவமைத்த மேடி தார்சன் இந்தச் சலுகைகளைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். விளையாடுபவருக்கோ "நான் சரியாகக் குதித்தேன்" என்ற பெருமிதம் மட்டுமே தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி: பதிவுசெய்த காணொளியை மெதுவாக ஓடவிட்டு, கால் எங்கே இருக்கும்போது குதிக்கிறது என்று பாருங்கள்.

படி 6: வேறொருவர் விளையாடுவதைப் பாருங்கள், வாயை மூடிக்கொண்டு

கேம் பழக்கமே இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். நான் என் அம்மாவிடம் கேட் குவெஸ்ட்டைக் கொடுத்தேன். எதிரி ஓங்கியதும் தரையில் சிவப்பு வட்டம் வந்தது. அம்மா பூனையைக் கொண்டுபோய் நேராக அந்த வட்டத்துக்குள் நிறுத்தினார். அடி விழுந்தது. மறுபடி வட்டம், மறுபடி உள்ளே, மறுபடி அடி.

"ஏம்மா அங்க போய் நிக்கிறீங்க?"

"வட்டம் போட்டு வெச்சிருக்கேப்பா. எம்ஆர்டியில கோடு போட்ட எடத்துலதானே நிக்கிறோம்?"

தரையில் குறி போட்டிருந்தால் அங்கே நிற்கவேண்டும் என்பது சிங்கப்பூரில் தினமும் ரயிலேறும் ஒருவருக்கு முழுக்க நியாயமான முடிவு. சிவப்பு வட்டம் என்றால் விலகு என்பது பல கேம் ஆடியவர்களுக்குப் பழகிப்போன மொழி. வடிவமைத்தவர்கள் அந்தப் பழக்கத்தை நம்பியிருக்கிறார்கள். இதைக் குறை என்று எழுதவேண்டியதில்லை, "இந்தச் சைகை யாருக்காக?" என்று எழுதினால் அது அலசல். என் கண்ணுக்கு இந்த விஷயம் தெரிந்தே இருக்காது, எனக்கும் அந்த மொழி பழகிவிட்டதால்.

பார்க்கும்போது உதவாதீர்கள். "இங்க தட்டுங்க" என்று விரல் நீட்டிய கணமே சோதனை கெட்டுப்போகும். முடிந்த பிறகு "என்ன செய்யணும்னு நெனச்சீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

படி 7: கடினமும் தெரிவும்

சவால் திறமையைவிட மிகவும் அதிகமானால் பதற்றம், மிகவும் குறைந்தால் சலிப்பு, இரண்டும் ஒத்துப்போனால் நேரம் போவதே தெரியாத ஆழ்நிலை. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியின் இந்தக் கருத்தை எல்லா வடிவமைப்புப் பாடத்திலும் சந்திப்பீர்கள். உங்கள் குறிப்பில் எந்த நிமிடம் பதற்றம், எந்த நிமிடம் சலிப்பு என்று கோடு வரைந்தால் போதும், நீட்டி முழக்கத் தேவையில்லை.

நல்ல கேம் என்பது சுவையான தெரிவுகளின் தொடர் என்ற, சிவிலைசேஷன் கேமை வடிவமைத்த சிட் மையரின் பேச்சும் காதில் விழும். முக்கால் பங்கு ஒத்துக்கொள்கிறேன். மிச்சக் கால் பங்குக்கு வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடிப் பாருங்கள். தாயம் விழுவதுதான் வழி, யாரும் எதையும் தெரிவுசெய்வதில்லை, ஆனாலும் பெரிய பாம்புக்கு முந்தின கட்டத்தில் நிற்கும்போது வீடே கத்துகிறது. தெரிவு இல்லாமலும் பதைப்பு வரும். எனவே "தெரிவு இல்லை, ஆகவே மோசமான வடிவமைப்பு" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

படி 8: நேரமும் காசும்

இலவச கேம் என்றால் இந்தப் படியைத் தாண்டக்கூடாது. கடையும், எது கிடைக்கும் என்று தெரியாமலே இழுக்கும் குலுக்கலும் வடிவமைப்பின் பகுதிதான். அவற்றையும் விதி, நடப்பு, உணர்வு என்றே அலசலாம். கென்ஷின் இம்பாக்டின் கதாபாத்திரக் குலுக்கலில் 5 நட்சத்திரப் பாத்திரம் கிடைக்க அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, 90ஆவது முறைக்குள் ஒன்று உறுதி. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். நல்லெண்ணத்தில் வைத்த உத்தரவாதம் போலத் தெரியும். ஆனால் எழுபதை எட்டியவர் "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்று பணப்பையைத் திறக்கும் நடப்பும் அதே விதியிலிருந்துதான் பிறக்கிறது. திட்டவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். எந்த எண் எந்த நடப்பைத் தூண்டுகிறது என்று சொல்லிவிடுங்கள். ஆய்வுக்காக என்று சொல்லிச் சொந்தக் காசைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். விகிதங்கள் கேமுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

படி 9: எழுதுவது

இரண்டு பக்கம் போதும். மூன்று கணங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, எந்த விதி, அந்த விதி இல்லாவிட்டால் என்ன என்று எழுதுங்கள். "சண்டை முறை மிகவும் சிறப்பாக வடிவமைக்கப்பட்டுள்ளது" என்ற வாக்கியத்தை எந்தக் கேமுக்கும் ஒட்டலாம், ஆகவே அடித்துவிடுங்கள். "மந்திர சக்தி வாள்வீச்சால்தான் நிறைகிறது, அதனால் தூரத்தில் நின்று தாக்க நினைத்த நான் ஒவ்வொரு முறையும் எதிரியின் கைக்கெட்டும் தூரத்துக்குப் போகவேண்டியிருந்தது" என்பதை ஒரு கேமுக்குத்தான் எழுத முடியும்.

கட்டுரையைப் பாடத்துக்கோ விண்ணப்பத்துக்கோ கொடுப்பதற்குமுன், அந்தக் கேமை விளையாடாத நண்பர் ஒருவரிடம் காப்பிக்கடையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், "இந்த எடத்துல என் விரல் என்ன செஞ்சுக்கிட்டிருக்கு?" என்று ஒவ்வொரு பத்தியையும் காட்டிக் கேளுங்கள். எந்தப் பத்திக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லையோ, அந்தப் பத்திக்குரிய காணொளியை மறுபடி ஓடவிட்டுத் திருத்தி எழுதுங்கள்.